ஏட்டுச் சுரைக்காயும் எங்கள் ஊர்ச் சேறும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. அறிவியலை ஏட்டுக்குள் பூட்டி வைத்திருக்கும் நம் பள்ளிகளை நினைக்கும்போதெல்லாம் இந்தப் பழமொழிதான் என் நினைவுக்கு வருகிறது. உணவுச் சங்கிலி என்றால் என்ன என்று எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். "புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து" என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கும். முழு மதிப்பெண்ணும் பெற்றுவிடும். "சரி தம்பி, உன் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் எது எதைத் தின்கிறது?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். பிள்ளை திருதிருவென்று விழிக்கும். அதற்கு விடை தெரியும். ஆனால் அந்த விடை பள்ளிக்கூடத்தில் சொல்லத் தக்கது என்று யாரும் அதற்குச் சொன்னதில்லை.

குளத்திலும் கழியிலும் வாழும் உயிர்களைப் பற்றியும், அவற்றைப் பிணைக்கும் உணவுச் சங்கிலியைப் பற்றியும் பிள்ளைகளுக்கு நீர்க்கரையிலேயே கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. வாரம் ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் அறிவியலைக் கற்பதோடு, தம் பெற்றோரையும் புதிதாகக் கற்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நீர் சூழ்ந்த நிலம்

எங்கள் ஊர் காட்டுப்பள்ளி. கிழக்கே வங்கக் கடல். மேற்கே கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழி. நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டு. தெற்கே எண்ணூர் முகத்துவாரம். வடக்கே, இந்திய நாட்டின் உப்பங்கழி ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியதான பழவேற்காடு. இன்று எங்களைச் சுற்றித் துறைமுகங்களும் அனல்மின் நிலையமும் எழுந்து நிற்கின்றன. எண்ணூர்த் துறைமுகம் 2001ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கி, 2014ஆம் ஆண்டில் காமராசர் துறைமுகம் என்று பெயர் பெற்றது. அதற்குப் பின்னர் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது. அந்தப் பணிகளுக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பம் இடம் மாற்றப்பட்டபோது நான் சிறு குழந்தை. என் தந்தையார் ஆற்றில் இறாலுக்கு வலை போடுகிறவர். தாயார் மீன் விற்கிறவர். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

புல்லும் வெட்டுக்கிளியும் தவறான பாடம் என்று நான் சொல்ல வரவில்லை. தஞ்சைத் தரணியில் வயல் வரப்பில் வளரும் பிள்ளைக்கு அது கண்ணெதிரே நடக்கும் நிகழ்ச்சி. எங்கள் பிள்ளைக்கோ அது கேட்ட கதை. எங்கள் ஊரின் சங்கிலி சேற்றில் தொடங்குகிறது. கண்டல் மரத்தின் இலை உதிர்ந்து சேற்றில் விழுகிறது. நுண்ணுயிர்கள் அதை மட்கச் செய்கின்றன. அந்த மட்கையும் சேற்றின் மேல் படரும் பாசியையும் புழுக்களும் நண்டுகளும் இறால் குஞ்சுகளும் மடவையும் உண்கின்றன. அவற்றைக் கிழங்கானும் கொடுவாவும் உண்கின்றன. எல்லாவற்றையும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் நாமும் உண்கிறோம்.

இறாலின் வாழ்க்கையோ ஒரு பயணக் கதை! தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. அரிசி முனை போன்ற குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் நுழைகின்றன. பகலில் சேற்றில் புதைந்தும் இரவில் இரை தேடியும் சில மாதங்கள் வளர்கின்றன. பின்னர் முட்டையிட மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் இந்தப் பயணம் தடைப்படும். அதனால்தான் முகத்துவாரத்தில் மணல் ஏறும்போதெல்லாம் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்?

அரிவாள்மனை என்னும் ஆய்வுக் கருவி

விலங்கியல் செய்முறைப் பயிற்சிகளில் மீனின் இரைப்பையைத் திறந்து, உள்ளிருப்பதைப் பிரித்துப் பட்டியலிடுவதும் ஒன்று. மீன் எதை உண்டது என்பதை அறிய உலகமெங்கும் ஆய்வாளர்கள் கையாளும் முறை இது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் என் தாயார் இந்த ஆய்வை அரிவாள்மனையைக் கொண்டு பல ஆண்டுகளாகச் செய்து வருகிறார். மடவையை அறுத்தால் உள்ளே கறுப்புச் சேறு. அதன் இரைப்பை, கோழியின் அரைவைப்பைபோல் கெட்டியாக உருண்டிருக்கும். கிழங்கானை அறுத்தால் புழுவும் கூனியும். கொடுவாவை அறுத்தால் இறாலும் சின்ன மடவையும். "மடவ சேத்தத் திங்கும், கொடுவா மடவையத் திங்கும்" என்று மீன் கழுவிக்கொண்டே சொல்வார். இது உணவுச் சங்கிலியன்றி வேறென்ன?

மடவை கூடை கூடையாக வருவதும் கொடுவா எண்ணி எடுக்கும் அளவில் வருவதும் அவருக்குத் தெரியும். அதற்கான காரணத்தில் ஒரு பகுதியை நான் கல்லூரியில் கற்றேன். உண்ணும் உணவில் பெரும்பகுதியை ஒவ்வோர் உயிரும் மூச்சுவிடவும் ஓடியாடவும் செலவழித்துவிடுகிறது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆற்றலே போய்ச் சேர்கிறது. ஆயிரம் கிலோ பாசியும் மட்கும் இருந்தால் நூறு கிலோ மடவை. நூறு கிலோ மடவை இருந்தால் பத்துக் கிலோ கொடுவா. இது தோராயக் கணக்குதான். ஆனாலும் மீன் சந்தையின் விலைப் பலகையைக் காட்டி இந்தக் கணக்கைச் சொல்லித் தந்தால் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

என் தாயார் மூன்றாம் வகுப்போடு நின்றவர். தமக்குத் தெரிந்தது அறிவியல் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கல்லூரிக்கு வந்த பிறகுதான் அதைக் கண்டுகொண்டேன். பத்து வயதிலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் இது தெரிந்திருந்தால், தகப்பன் தொழிலைச் சொல்லக் கூச்சப்பட்டு வகுப்பில் தலைகுனியும் நிலை வருமா? எண்ணிப் பாருங்கள்.

நூலுக்கு முன் நீர்

உணவுச் சங்கிலி என்னும் கருத்தை உலகுக்கு விரிவாக விளக்கியவர் ஆங்கிலேயரான சார்லஸ் எல்ட்டன். அவருடைய விலங்குச் சூழலியல் நூல் 1927ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆனால் அந்த நூலின் விதை நூலகத்தில் முளைக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோதே, 1921ஆம் ஆண்டில், ஏறத்தாழ நம் வயதில், வடதுருவத்தை ஒட்டிய ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளுக்கு ஆய்வுக் குழுவுடன் சென்றார் அவர். அங்கே எது எதைத் தின்கிறது என்று நேரில் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

மேலே சொன்ன ஆற்றல் கணக்கின் அடிப்படையும் ஒரு சிறு நீர்நிலையில் பிறந்ததே. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் சீடர் பாக் என்றொரு சின்னஞ்சிறு ஏரி இருக்கிறது. ரேமண்ட் லிண்டமன் என்ற இளைஞர் தம் மனைவியின் துணையோடு அந்த ஏரியின் சேற்றையும் பாசியையும் பூச்சிகளையும் பல ஆண்டுகள் அள்ளி அள்ளி அளந்தார். 1942ஆம் ஆண்டில் அவருடைய கட்டுரை அச்சேறியது. ஆனால் அதை அச்சில் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்னரே தம் 26ஆம் வயதில் காலமாகிவிட்டார். ஒரு சிற்றேரியின் சேற்றிலிருந்து உலகம் முழுவதற்குமான விதி கிடைத்தது! அப்படியிருக்க, நம் பிள்ளைகள் மட்டும் ஏன் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் கற்க வேண்டும்?

ஒரு சிறு முயற்சி

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேருக்கு ஒரு மாலைப் பொழுது பாடம் எடுக்கும் வாய்ப்பு எங்கள் அணிக்குக் கிடைத்தது. முதலில் மழைநீர் தேங்கிய ஒரு குட்டைக்குச் சென்றோம். கையில் இருந்தவை தேநீர் வடிகட்டிகள், வெள்ளைப் பீங்கான் தட்டுகள், பழைய ஜாம் பாட்டில்கள். வடிகட்டியில் அள்ளித் தட்டில் கவிழ்த்ததும் தலைப்பிரட்டையும் நத்தையும் கொசுப் புழுவும் நெளிந்தன. தட்டான் பூச்சியின் குஞ்சு நீருக்குள் வாழும் என்பதை அன்றுதான் பல பிள்ளைகள் கண்டார்கள். ஒரு பாட்டிலில் அந்தக் குஞ்சையும் பத்துக் கொசுப் புழுக்களையும் சேர்த்து விட்டோம். மறுநாள் காலை மூன்று புழுக்களே மிஞ்சியிருந்தன. "அப்போ தட்டானப் புடிச்சு நூல் கட்டி விடக் கூடாது, இல்லக்கா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். கொசு ஒழிப்பைப் பற்றி எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் இந்தக் கேள்வி பிறந்திருக்காது.

பின்னர் வற்ற நேரம் பார்த்துக் கழிக்கரைக்குச் சென்றோம். ஒரு கை பெரிதாகவும் மறு கை சிறிதாகவும் உள்ள சிறு நண்டுகள் சேற்றை வாயில் இட்டு, உணவை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் குருணை குருணையாக உருட்டிப் போடுவதைப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்தார்கள். இறுதியாக ஒரு விளையாட்டு. ஆளுக்கோர் அட்டையில் சேறு, பாசி, கண்டல், புழு, இறால், மடவை, கொடுவா, கொக்கு, மனிதன் என்று எழுதிக் கொடுத்தோம். எது எதைத் தின்னுமோ அவ்விருவருக்கும் இடையே வலை நூலைக் கட்டினோம். சற்று நேரத்தில் மெய்யாகவே ஒரு வலை உருவாகிவிட்டது. சங்கிலி என்று புத்தகம் சொல்வது உண்மையில் வலைதான் என்பதை மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியே இருக்கவில்லை. சேறு என்ற அட்டையை வைத்திருந்த சிறுவனிடம் நூலை விட்டுவிடச் சொன்னோம். ஒவ்வொருவர் கையிலும் நூல் தொய்ந்தது. "சேறு போனா எல்லாம் போச்சு" என்றான் ஒருவன். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

ஏன் இது விளையாட்டன்று?

அந்தச் சிறுவன் சொன்னது எங்கள் ஊரில் வெறும் பாடமன்று, வயிற்றுப் பாடு. அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல், கழியில் படிந்து சேற்றை மூடிய இடங்கள் இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் பெருமழை வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர்க் கழிக்குள் வந்தது. மீனவர்கள் வாளியும் குவளையும் கொண்டு அதை அள்ளினார்கள். கூழைக்கடாக்கள் இறகில் எண்ணெய் பூசி நின்றன. எல்லோரும் அந்தப் பறவைகளின் படத்தைப் பார்த்து இரங்கினார்கள், இரங்கத்தான் வேண்டும். ஆனால் சேற்றுக்குள் மூச்சு முட்டிய புழுவையும் இறால் குஞ்சையும் யார் படம் எடுத்தார்கள்? சங்கிலியின் அடியில் இருப்பதைப் பார்க்கக் கற்றவர்களுக்குத்தான் அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு சிப்பி எங்கள் கழியிலும் பழவேற்காட்டு ஏரியிலும் பரவிவருகிறது. எங்கள் பக்கத்தில் அதைக் 'காக்கா ஆழி' என்கிறார்கள். அது கம்பளம் விரித்தாற்போல் சேற்றை மூடிவிடுகிறது. மூடிய இடத்தில் இறால் புதைய முடியாது, மட்டி வளராது, காலை வைத்தால் கிழிக்கும். ஆற்றில் தினமும் இறங்குகிறவர்களின் காலுக்குத்தான் இப்படிப்பட்ட மாற்றம் முதலில் தட்டுப்படும். அந்தக் காலுக்குச் சொந்தக்காரரின் பிள்ளை, தேதி போட்டு, இடம் குறித்து, எண்ணி எழுதக் கற்றிருந்தால் அது எவ்வளவு பெரிய சான்றாகும்!

ஜப்பான் நாட்டில் மினமாட்டா என்றொரு கடற்கரை ஊர் இருக்கிறது. தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் அங்கே கடலில் கலந்து, சிப்பியிலும் மீனிலும் படிப்படியாகச் சேர்ந்து, அவற்றைத் தின்ற பூனைகளையும் மீனவக் குடும்பங்களையும் முடக்கியது. 1956ஆம் ஆண்டில் நோய் வெளிப்பட்டது. காரணம் இதுதான் என்று அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது 1968ஆம் ஆண்டில்தான். சங்கிலியில் மேலே செல்லச் செல்ல நஞ்சும் திரளும் என்பது அந்த மக்கள் உயிரைக் கொடுத்து உலகுக்குக் கற்பித்த பாடம். தொழிற்சாலைகள் சூழ்ந்த கழிக்கரையில் வளரும் பிள்ளைக்கு உணவுச் சங்கிலி என்பது மதிப்பெண்ணுக்கான பாடம் மட்டும்தானா?

எதிர்ப்புகளும் விடைகளும்

இந்தக் கருத்துக்கு வரும் முதல் எதிர்ப்பு என் வீட்டிலேயே எழுந்தது. முகாமைப் பற்றிச் சொன்னபோது, "சேத்துல எறங்கக் கூடாதுன்னுதானே புள்ளைங்கள பள்ளிக்கோடத்துக்கு அனுப்புறோம்? நீ படிச்சிட்டு வந்து மறுபடியும் சேத்துலயா எறக்குற?" என்றார் என் தாயார். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு தலைமுறையின் உழைப்பு இருக்கிறது.

இரண்டாவது எதிர்ப்பை ஒரு நண்பர் சொன்னார்: "இது புதுப் பெயரில் வரும் குலக்கல்வி ஆகாதா?" 1953ஆம் ஆண்டில் இராஜாஜியின் அரசு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அரை நாள் பள்ளியிலும் அரை நாள் பெற்றோரின் தொழிலிலும் கழிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. தந்தை பெரியார் உள்ளிட்டோர் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று கூறிக் கடுமையாக எதிர்த்தனர். 1954ஆம் ஆண்டில் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அதன் பயனாகவும், அதன் பின் அவர் திறந்த பள்ளிகளின் பயனாகவுமே நம்மைப் போன்றோர் கல்லூரிக்கு வர முடிந்தது என்பதை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

ஆனால் நான் சொல்வது அதுவன்று. குலக்கல்வி, மீனவர் பிள்ளையை மீனவராக்கப் பார்த்தது. நான் கேட்பது, மீனவர் பிள்ளையும் துறைமுகப் பொறியாளர் பிள்ளையும் ஒரே கரையில் நின்று ஒரே சேற்றை ஆராய வேண்டும் என்பது. அங்கே யாருக்கும் வலை இழுக்கும் வேலை இல்லை. பார்ப்பது, எண்ணுவது, எழுதுவது, கேள்வி கேட்பது ஆகியவையே வேலை. கூலிக்காக இறங்குகிறவருக்குச் சேறு ஒரு சுமை. கேள்வியோடு இறங்குகிறவருக்கு அது ஒரு நூலகம். அந்த வாய்ப்பு என் தாயாருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய பேரப் பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும் என்கிறேன். அவர் பிள்ளை அதிகாரியாகவே ஆகட்டும். கழியைப் பற்றிய கோப்பில் கையெழுத்திடும் நாளில் சேற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து கையெழுத்திடட்டும்!

மூன்றாவது எதிர்ப்பு பாதுகாப்பு பற்றியது. நியாயமானதே. எண்ணெய் படிந்த இடத்துக்கும் சாம்பல் படிந்த இடத்துக்கும் பிள்ளைகளை இறக்கவே கூடாது. கரையிலிருந்து காட்டினால் போதும். மழைக் காலத்தில் ஆற்றுப் பக்கம் வேண்டாம். காலணி கட்டாயம். பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். ஓதம் தெரிந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவ வேண்டும். நீரில் இறங்க வழியே இல்லாத ஊரில் கோயில் குளத்துப் படிக்கட்டும் பள்ளிக் குழாயடிக் குட்டையும் போதும்.

பாடத்திட்டத்தில் இடம் எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. சுற்றுச்சூழலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. அதன் விளைவாகவே சுற்றுச்சூழல் தாளை நாம் அனைவரும் எழுதுகிறோம். இடம் ஏற்கெனவே இருக்கிறது. வகுப்பறைக் கதவைத் திறப்பதுதான் பாக்கி.

நாம் செய்யக் கூடியது

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை பி.எட். முடித்து ஆசிரியர் ஆகப் போகிறவர்கள். அதுவரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. நம் கல்லூரியின் அறிவியல் துறைகள், ஆளுக்கொரு தொடக்கப் பள்ளியைத் தத்தெடுத்துக்கொள்ளலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் அதிகம் என்பதால், அவற்றை அடுத்து வரும் சனிக்கிழமைகளில், மாதம் ஒரு முறை, கரைப் பாடம் நடத்தலாம். இயற்பியல் மாணவர் ஓதத்தையும் வேதியியல் மாணவர் நீரின் உப்பையும் தாவரவியல் மாணவர் கண்டலையும் விளக்கலாம். தமிழ் இலக்கிய மாணவர் நெய்தல் திணையைச் சொல்லலாம். மீன் அறுக்கும் ஒரு தாயை அழைத்து உட்கார வைத்து, "அம்மா, இந்த மீன் என்ன தின்றிருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்" என்று கேட்கலாம். அன்று அவர் பெயருக்கு முன்னும் ஆசிரியர் என்று எழுதலாம்.

பிள்ளைகள் எழுதும் குறிப்பேடுகளை ஆண்டுதோறும் நம் துறையில் சேர்த்து வைக்க வேண்டும். எந்த மாதம் இறால் குஞ்சு வந்தது, எந்த இடத்தில் காக்கா ஆழி பரவியது, எந்தக் குட்டையில் தட்டான் குறைந்தது என்று பத்தாண்டுக் கணக்கு இருந்தால், அது இந்தக் கழிக்கு எழுதிய முதல் பிறப்பு இறப்புப் பதிவேடாகும். அந்தப் பதிவேட்டைத் தொடங்க நமக்குத் தேவையானவை ஒரு தேநீர் வடிகட்டியும், ஒரு வெள்ளைத் தட்டும், ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகமும்தான். வரும் வற்றத்துக்கு யார் யார் வருகிறீர்கள்?